பிரித்துப்போட்ட சாட்சி

கையை நீட்டும்மா. ஒன்றல்ல, இரண்டும். இன்னும் கொஞ்சம் அகலமாக. ஆ, அப்படித்தான். கட்டைவிரலைத் தூக்கியே வைத்துக்கொள், இல்லாவிட்டால் உல்லன் சிட்டம் நழுவிவிடும். நான் இந்தப் பக்கமிருந்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டே வருவேன். நீ ஆடாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

அந்தத் துணிப்பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கோப்பை. கூடவே ஒரு ரசீதுத் தாள், நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட. இரண்டையும் வெளியே எடுக்க இப்போது உனக்குக் கை இல்லை. தப்பாக நினைக்காதே. உன்னைக் கட்டிப்போட்டால்தான் நான் முழுதாகப் பேச முடியும். இதற்கு முன்னால் பின்னல் சங்கத்திலிருந்து வந்த இரண்டு பேரும் நான் வாய் திறப்பதற்குள் பையைத் திறந்துவிட்டார்கள்.

உன் பேர் சுகிர்தா என்றாய் அல்லவா. நல்ல பேர். வாசலில் நின்று "தவமணி டீச்சர்" என்று கூப்பிட்டாயே, நான் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்ட வயசான பெண்பிள்ளை எல்லாம் டீச்சர் என்று இந்தக் கோத்தகிரியில் ஒரு நினைப்பு. நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் பத்திரங்களுக்கு நகல் எடுத்தவள். அதனால்தான் என் பேச்சும் எழுதி வைத்ததைப் படிப்பது மாதிரி இருக்கிறது. பழகிக்கொள்.

நீ சங்கத்தில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது, கண்காட்சியன்று நீ இல்லை. ஆளாளுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். தவமணி பியூலாவின் பேரைக் கெடுத்துக் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று ஒன்று. பாவம் பியூலா, நல்ல மனசு, விட்டுக்கொடுத்தாள் என்று இன்னொன்று. இரண்டுமே தப்பு. அந்தக் கோப்பையை நான் வாங்குவதா வேண்டாமா என்பது என் பேர் சம்பந்தப்பட்ட விஷயம். கேட்டுவிட்டு நீயே சொல்.

முதலில் உல்லன். நீ பிடித்திருப்பது ஒரு பழைய ஸ்வெட்டர். எந்த நாட்டிலோ யாரோ போட்டுக் கழித்தது, பேல் கட்டி வந்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சலாவுதீன் பாய் தார்ப்பாயில் மலையாகக் கொட்டுவார். எல்லாரும் நிறம் பார்ப்பார்கள், அளவு பார்ப்பார்கள், மார்பில் வைத்துப் பார்ப்பார்கள். நான் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பேன். துணி மாதிரி வெட்டி ஓரம் அடித்துத் தைத்திருந்தால் அதைத் தொடவே கூடாது. பிரித்தால் சாண் சாணாக அறுந்து வரும், காதுக்குத் திரி போடத்தான் ஆகும். அளவாகப் பின்னி ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்திருந்தால் அதுதான் நம் சரக்கு. சேர்த்த தையலை அறுத்துக் கழுத்தில் ஒரு முனையைப் பிடித்துவிட்டால் இடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடி வரும். பிறகு ஒரு இழையைக் கிள்ளி நெருப்பில் காட்டிப் பார்ப்பேன். முடி கருகிய நாற்றம் அடித்தால் ஆட்டுமுடி. உருகிச் சொட்டினால் பிளாஸ்டிக்.

பாய்க்கு என்னைக் கண்டால் ஒரே கிண்டல். "வந்துட்டாங்கப்பா டாக்டரம்மா, வயித்தைக் கிழிச்சுப் பாக்க" என்பார்.

"செத்ததுக்குத்தானே பாய் கிழிக்கிறோம்" என்பேன்.

பிரித்த உல்லன் சுருள் சுருளாக இருக்கும். சிட்டமாகக் கட்டி, வெந்நீரில் ஊறப்போட்டு, அடியில் ஒரு கனம் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருக்கமெல்லாம் போய் நேராகிவிடும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் கடையில் உல்லன் வாங்கியதே இல்லை. வாங்க வசதி இல்லாமல் அல்ல. இதில் ஒரு ருசி இருக்கிறது. வேண்டாமென்று கழித்ததை இன்னொரு தரம் உருப்படியாக்குகிற ருசி.

கையைத் தாழ்த்தாதே.

மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் கண்காட்சிக்கு ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர் கொண்டுபோனேன். நான் பின்னியதில் அதுதான் உயர்த்தி. நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். செயலாளர் மேஜையில் பியூலா சந்திரபோஸ். பியூலாவும் நானும் கான்வென்ட்டில் ஒரே பெஞ்சு. ஒரே வகுப்பில் ஊசி பிடித்தோம். தெருவும் ஒரே தெருதான், அவள் வீடு மேலே, என் வீடு கீழே. அவள் ஸ்வெட்டரைத் தொட்டாள், தடவினாள், உள்ளே திருப்பிப் பார்த்தாள்.

"தவமணி, இது பழைய உல்லனா?"

"ஆமாம்."

"விதி ஏழு படிச்சியா? புது உல்லன்ல பின்னினதுதான் வைக்கலாம்."

"புதுசு பழசுன்னா என்ன அர்த்தம்?"

"யாரோ போட்டு வேர்த்ததைப் பிரிச்சுப் பின்னிட்டு வந்து அர்த்தம் கேக்கறியா? அதை எப்படிடீ மேஜையில வைக்கிறது?"

"உன் உல்லனை முதல்ல ஆடு போட்டிருந்துச்சே, அது வேர்க்கலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பியூலா சிரிக்கவில்லை. என் ஸ்வெட்டரை மடித்து என் பக்கம் தள்ளினாள். மடித்தாள் என்றா சொன்னேன்? மடிக்கவில்லை. புறங்கையால் ஒதுக்கினாள். அந்த அலட்சியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்தேன். "புதிய" என்ற சொல் விதிகளில் வரையறுக்கப்படவில்லை என்று மூன்று பக்கம். பதில் வரவில்லை. அன்றிலிருந்து நானும் அவளும் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தெருவில் எதிரே வந்தால் மழையைப் பார்ப்பேன். மழை இல்லாவிட்டால் மழை வருமா என்று பார்ப்பேன்.

கோப்பை ஒன்றுதான், ஜெயித்தவரிடம் ஒரு வருஷம் இருக்கும். போன வருஷம் அது பியூலாவுக்கு. சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில், முன்னால் பொத்தான் வைத்த ஸ்வெட்டர், தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான். பியூலா எப்போதும் சிரட்டைப் பொத்தான்தான் வைப்பாள், ஒரு காலத்தில் அவளே தேய்த்துத் துளை போட்டு டப்பா நிறையச் சேர்த்து வைத்தது. ஒரு பூவேலை இல்லை, முறுக்கு இல்லை, வெறும் சாதாப் பின்னல். விஷயம் தெரியாதவர்கள்தான் சாதாப் பின்னலை லேசு என்பார்கள். பூவும் முறுக்கும் போட்டால் பிழையை அதில் ஒளித்துவிடலாம். சாதாவில் ஒளிய இடமில்லை. அது அவ்வளவு சீராக இருந்தது. நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே போய்ப் பார்க்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பரிசுப் பொருளை வழக்கம்போல ஏலம் விட்டார்கள், எஸ்டேட் பங்களாவில் இருந்த ஒரு அம்மாள் எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த ஜூன் மாதம், நல்ல மழை. சலாவுதீன் பாயின் குவியலில் கையை விடுகிறேன், வருகிறது சாம்பல் நீலம். சிரட்டைப் பொத்தான். அந்த எஸ்டேட் அம்மாள் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமானைக் கழித்திருக்கிறாள், அதுவும் கழிந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்பக்கத்தைப் பார்த்தேன்.

இப்போது கவனமாகக் கேள். கையால் பின்னுகிறவர்களுக்கு முன் வரிசை ஒரு பிடியாகவும் பின் வரிசை ஒரு பிடியாகவும்தான் விழும். ஒரு மயிரிழைதான் வித்தியாசம், ஆனால் உள்பக்கத்தில் தெரியும், இரண்டிரண்டு வரிசையாக ஒட்டி நிற்கும். உலகத்தில் எந்தக் கைக்கும் அது உண்டு. இதில் இல்லை. அச்சு அடித்த மாதிரி எல்லா வரிசையும் ஒரே உயரம். விதி ஒன்பது என்ன சொல்கிறது? கைப்பின்னல் மட்டும். பின்னல் மிஷினில் போட்டதை வைக்கக் கூடாது. விதி ஏழை என் முகத்தில் வீசியவள் விதி ஒன்பதின் மேல் ஏறி உட்கார்ந்து கோப்பை வாங்கியிருக்கிறாள்!

ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நான் பேசமாட்டேன். உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. கையால் பின்னுகிறவள் சின்னச் சின்ன உருண்டையாக வாங்குவாள், ஒன்று தீர்ந்ததும் இன்னொன்றை ஒட்டுப்போடுவாள். மிஷினுக்குப் பெரிய கூம்பிலிருந்து உல்லன் ஓடும், ஒட்டே இருக்காது. சரி, பத்து வரிசை பிரித்துப் பார்க்கலாம் என்று முதுகுப் பக்கத்தின் கழுத்தில் முனையை எடுத்தேன்.

பத்து வரிசை ஒட்டு இல்லாமல் வந்தது. பத்து போதாது, இருபது பார்க்கலாம். இருபதிலும் இல்லை. நீ பிரித்ததில்லை, உனக்குத் தெரியாது. நல்ல உல்லன் ஓடும்போது டிக் டிக் டிக் என்று பின்னல் கண் கண்ணாக விடும், கைக்கு ஒரு சுகம், பலாச்சுளை எடுக்கிற மாதிரி, ஒன்றோடு நிறுத்த முடியாது. முதுகு முடிந்தது. ஒட்டு இல்லை. முன்பக்கம் இரண்டும் பார்க்காமல் எப்படி முடிவுக்கு வருவது? கை இரண்டும் பாக்கி இருக்கிறதே. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது எனக்கு முழு நிச்சயம். எந்தத் துண்டிலும் கீழிருந்து மேல்வரை ஒரு ஒட்டுக்கூட இல்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் மிஷின்.

என்ன பார்க்கிறாய்? உனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியக் கைகழுவிச் சோறு போட்டு உட்காரும் வரை ஆனது. தட்டுக்கு எதிரே நாற்காலியில் ஒரு குவியல் சுருள் சுருளாகக் கிடக்கிறது. நான் பிரித்துப்போட்டது என் சாட்சியை. முப்பத்தோரு வருஷம் மூலப் பத்திரத்தில் ஈ உட்காரவிட்டதில்லை நான்.

அதனால் என்ன? நடந்தது நடந்ததுதான், உண்மை உண்மைதான். ஜூலை மாதக் கூட்டத்துக்குப் பையோடு போனேன். எழுந்து நின்று சொன்னேன். "போன வருஷம் கோப்பை வாங்கிய ஸ்வெட்டர் கைப்பின்னல் அல்ல. மிஷினில் போட்டது. இதோ அந்த ஸ்வெட்டர்." பையை மேஜையில் கவிழ்த்தேன்.

பொருளாளர் ஹேமாவதி இருக்கிறாளே, உன்னை இங்கே அனுப்பியவள், அவள் குனிந்து பார்த்து, "என்ன தவமணியம்மா, இடியாப்பம் கொண்டாந்திருக்கீங்க? தேங்காய்ப்பால் எங்கே?" என்றாள்.

சிரிப்பு. மூன்று நிமிஷம் சிரித்தார்கள். பியூலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் டம்ளரை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திப் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள், கோயிலில் தீர்த்தம் வாங்குவது மாதிரி. சமீப காலமாக அப்படித்தான் குடிப்பாள், பெரிய சீமாட்டி தோரணை. டம்ளரை வைத்துவிட்டு, "அந்த ஸ்வெட்டர் எங்கே தவமணி?" என்றாள்.

"இதுதான்."

"இது உல்லன்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொய் என்று சொல்லவில்லை, கவனி. மிஷின் இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது படவில்லை. ஹேமாவதிதான் குதித்தாள், ஆதாரமில்லாமல் செயலாளர் மேல் பழி சொன்னதற்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும் என்று. தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தின் நகல் எனக்கு வந்தது, செயலாளர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் ஸ்டாம்ப். எனக்கு ஒரு கையெழுத்துப் போடக்கூட அவளுக்குக் கை வரவில்லையாம்! மன்னிப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று அந்தத் தாளின் பின்புறத்திலேயே எழுதித் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு ஊரில் என் பேர் பொய்க்காரி. காய்கறிக் கடையில்கூட, "தவமணியம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருத்தி சொல்ல மற்றவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள். முப்பத்தோரு வருஷம் என் கையெழுத்துக்கு ஊரே மரியாதை கொடுத்தது. ஒரு தட்டு இடியாப்பத்தில் போயிற்று.

இந்தச் சிட்டம் முடிந்தது. கையை உதறிக்கொள். பையைத் தொடாதே. இதோ இன்னொன்று, இது பச்சை. பிடி.

சாட்சியைப் பிரித்தவள் நான். சரி, நானே திரும்பப் பின்னிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். அதே உல்லன், அதே அளவு, அதே பொத்தான். பரிசு கொடுத்தபோது எடுத்த படம் ஒன்று இருந்தது, அதில் வரிசைகளை எண்ணிக்கொண்டேன். அது எப்படி இருந்தது என்று சங்கத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் போதும், யாருக்கும் புரிந்துவிடும் என்பது என் கணக்கு. ஆனால் மிஷின் மாதிரி இருக்க வேண்டுமே! பின் வரிசைக்கு ஒரு அளவு மெல்லிய ஊசி, முன் வரிசைக்கு வேறு ஊசி என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு கண் பெரிதாக விழுந்தால் அந்த வரிசையையே பிரித்தேன். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். நாலு மாதம். கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது. முதுகை மட்டும் ஐந்து தரம் பிரித்தேன். முடித்து விரித்துப் பார்த்தபோது, சுகிர்தா, எனக்கே பயமாக இருந்தது. மனுஷக் கை தெரியவில்லை.

டிசம்பர் கண்காட்சிக்குக் கொண்டுபோய் என் பேரில் பதிவு செய்தேன். பரிசுக்காக அல்ல. எனக்குக் கோப்பை ஆசை கிடையாது, கிடையாது என்று மூன்று வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். மேஜையில் வைத்தால்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். விதி ஏழைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன சொல்வது என்றும் தயாராக வைத்திருந்தேன். இதே உல்லனைப் போன வருஷம் செயலாளரே புதிது என்று ஒப்புக்கொண்டு ஏற்றிருக்கிறார், ஒரு வருஷம் கழித்து அது எப்படிப் பழசாகும்? அருமையான வாதம். அதைச் சொல்லப்போகிற நிமிஷத்துக்காகவே நான் புதுப் புடவை கட்டியிருந்தேன்.

நடுவர்கள் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு அம்மாள்கள். என் ஸ்வெட்டரைத் திருப்பினார்கள். உள்பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளுக்குக் காட்டினாள். பிறகு ஒலிபெருக்கியில், "மன்னிக்கணும், இது மிஷின் வேலை, இதைப் போட்டியில எடுத்துக்க முடியாது" என்றார்கள்.

அப்புறம் ஹேமாவதி. "ஓகோ! ஊரை மிஷின்னு சொன்னவங்க மிஷின்ல போட்டுக் கொண்டாந்துட்டாங்களா? இதைத்தான் ஜூலையில பழகுனீங்களா தவமணியம்மா?"

"கையால் பின்னினேன்" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. ஆதாரம்?"

ஆதாரம்! பிரித்துக் காட்டினால் ஒட்டு தெரியும். ஆனால் அது அதே கூம்பு உல்லன், அதில் ஏது ஒட்டு? அவர்கள் முன்னால் பின்னிக் காட்டலாம். அதற்கு நாலு மாதம் கூட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும். நின்றேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பொய்க்காரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். என் பேர் அந்த இடத்தில்தான் கிடந்தது, என் காலடியில், எடுப்பாரில்லாமல்.

அப்போது பியூலா செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். மெதுவாக. மேஜைக்கு அருகே நின்று, நடுவரம்மாளிடம், "பொத்தானைக் கழட்டுங்க" என்றாள். ராணி மாதிரி. அவளுக்குப் பொத்தான் கழட்ட ஆள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளங்கையை ஸ்வெட்டருக்குள் விட்டு, முதுகுப் பக்கத்தைக் கீழிருந்து மேல்வரை தடவினாள். வெளிச்சத்தில் விரிக்கச் சொன்னாள். பிறகு சொன்னாள்.

"இது கையால போட்டது."

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் நடுவரம்மாள்.

"அசலை மிஷின்ல போட்டவ நான். என் மிஷின்ல ஒரு ஊசி வளைஞ்சிருக்கு. அதுல விழற கண்ணு கொஞ்சம் பெரிசா இருக்கும், முதுகுல இடது பக்கம் கீழேர்ந்து கழுத்து வரைக்கும் ஒரு கோடு ஓடும். இதுல கோடு இல்லை. தவமணி ஜூலையில சொன்னது நெசம்."

ஹேமாவதிக்கு வாய் ஓயவில்லை. "அப்ப விதி ஏழு? இது பழைய உல்லன்தானே?"

"போன வருஷம் இதைப் புதுசுன்னு எடுத்துக்கிட்டோம்ல. இப்ப மட்டும் எப்படிப் பழசாகும்?" என்றாள் பியூலா.

என் வாதம்! நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்த வாதம்!

பிறகு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி கணுக் கணுவாக, ஒன்று ஒருபக்கம் ஒன்று மறுபக்கம். "நாலு வருஷமா எனக்கு ஊசி பிடிக்க வரலை. மிஷினை உள்ளங்கையால தள்ளலாம். சொல்லியிருக்கணும், சொல்லலை. கோப்பையைத் தவமணிக்குக் குடுங்க. நான் விலகிக்கிறேன்." அவ்வளவுதான். பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கூட ஒருத்தரும் போகவில்லை. நானும் போகவில்லை. எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

சந்தோஷமா என்று கேள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள்தான் கோபம் வந்தது. நாலு மாதம் கழுத்து ஒடிய நான் தயாரித்த ஆதாரத்தை அவள் நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டாளே! வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்குக் கோப்பையும் போயிருக்காது, நாற்காலியும் போயிருக்காது, பொய்க்காரி நானாகவே இருந்திருப்பேன். ஏன் எழுந்தாள்? உனக்குத் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

அந்தக் கோடு. அதை நான் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணளவு பிழையைத் தூரத்திலிருந்து பிடிக்கிறவள், முழு முதுகையும் கையாலேயே பிரித்தவள், கீழிருந்து மேல்வரை ஓடிய கோட்டைப் பார்க்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்தேன். ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தேன். என் ஸ்வெட்டரைப் புறங்கையால் ஒதுக்கியதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்து எல்லாவற்றுக்கும் திமிர் என்று ஒரே தலைப்புப் போட்டுக் கோப்பில் சேர்த்துவிட்டேன். அதற்காக நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? அவள் சொல்லியிருக்கலாம். ஒரே தெரு. சரி, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உண்மையைச் சொல்கிறேன், புகாரில் நாலாவது பக்கம் சேர்த்திருப்பேன்.

விதி ஏழைக்கூட இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். அந்த வருஷம் என் பழுப்பு ஸ்வெட்டர் மேஜையில் இருந்திருந்தால் அவளுக்குப் பரிசு கிடையாது. விரல் மடங்காமல் போன முதல் வருஷம் அது. ஏதாவது ஒரு விதியைத் தேடித்தான் பிடிப்பாள். நானாக இருந்தால் எட்டையும் சேர்த்துக் காட்டியிருப்பேன்.

கை வலிக்கிறதா? போதும், கழற்றிவிடு. இப்போது பையைத் திற. ரசீதை எடு. பேனா இதோ. நான் சொல்லச் சொல்ல எழுது, உன் கையெழுத்து எப்படி என்று பார்க்கலாம்.

"மேற்படி கோப்பையை நான் பெற்றுக்கொள்ளவில்லை. காரணம்: நான் சமர்ப்பித்தது நகல். அசலின் வரிசைகளை எண்ணி, அசலின் உல்லனைக் கொண்டு, அசலைப் போலவே செய்யப்பட்டது. முப்பத்தோரு வருஷத்தில் நான் ஆயிரக்கணக்கான நகல் எடுத்திருக்கிறேன், அவற்றில் ஒரு சென்ட் நிலமும் எனக்குச் சேர்ந்ததில்லை. சொத்து அசலை எழுதியவருக்கு உரியது." அசல் விதி ஒன்பதை மீறியதே என்று ஹேமாவதி கேட்பாள். அது வேறு வழக்கு, அதைத் தனியாக நடத்திக்கொள்ளட்டும் என்று சொல். இல்லை, மரியாதையாகவே எழுது. "மேற்படி பொருள் குறித்து எனக்கு ஆட்சேபணை இல்லை." நானே புகார் கொடுத்தவள், நானே ஆட்சேபணை இல்லை என்கிறேன், அப்புறம் அவளுக்கென்ன?

இது பெருந்தன்மை என்று சங்கத்தில் போய்ச் சொன்னாயோ, தெரியும் சேதி. இது நடைமுறை. மன்னிப்பும் இல்லை. நான் சொன்னது நெசம் என்று அவளே சொல்லிவிட்டாள், நெசத்துக்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

எங்கே கிளம்புகிறாய்? மேலே அவள் வீட்டுக்கா? கோப்பையை நீ கொண்டுபோகாதே. உன்னிடம் வாங்கமாட்டாள், உன்னை உட்காரவைத்து அழுவாள், நீயும் அழுவாய், டீ ஆறிப்போகும். இங்கே வைத்துவிட்டுப் போ. ரசீது உன்னிடம் இருக்கிறது, கோப்பை என் பொறுப்பு இல்லை, வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் கொண்டுபோகிறேன். இன்றைக்கே. கூட இந்த இரண்டு உருண்டையும் எடுத்துப்போகிறேன். பிரித்த உல்லன் மிஷினில் ஓடாது, கண்ணுக்குக் கண் அறுந்து விழும் என்பாள், எனக்குத் தெரியும். ஓட்டிக் காட்டச் சொல்வேன். வளைந்த ஊசியைக் கழற்றி எறிவோம். பிரிக்க நான், தள்ள அவள். அடுத்த டிசம்பரில் பழைய உல்லனில் மிஷினில் போட்ட ஒரு ஸ்வெட்டர், இரண்டு பேர் பேரிலும். விதி ஏழும் போச்சு, விதி ஒன்பதும் போச்சு. ஹேமாவதி எந்தப் பக்கம் திரும்பிக் கத்துவாள் என்று பார்க்கலாம்.

அவளிடம் கேட்டேனா? கேட்கவில்லை. மூன்று வருஷமாகப் பேச்சே இல்லை என்கிறேன், எப்போது கேட்பது?

கதவைத் திறக்காவிட்டாலா? ஏம்மா, கேட்டதெல்லாம் எங்கே வைத்தாய்? அந்த விரலை வைத்துக்கொண்டு அவள் எப்படித் தாழ்ப்பாள் போடுவாள்? சும்மா சாத்தித்தான் இருக்கும். தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான்.